அளவுகோல் யார் கையில்?

(கட்டிட வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நடந்த வகுப்பில் ஆற்றிய உரை)



மில்லில் ஷிப்டு முடித்து நேராக வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வயலில் வேலை இல்லாத நாட்களில் கட்டிட வேலைக்குப் போய் வருகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களில் பலர் சங்க ஆபீசுக்கு வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பையன் பத்தாவதோடு நின்று விட்டான். மேஸ்திரி ஒருவர், தச்சு வேலை கற்றுத் தருகிறேன், அனுப்பு என்கிறார். அனுப்பலாமா?" என்று கேட்கிறீர்கள். இன்று அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

அனுப்பு, அனுப்பாதே என்று ஒரே சொல்லில் முடிக்கிற விஷயமல்ல இது. ஒரு பையனுடைய மூன்று நான்கு வருஷம் இதில் அடங்கியிருக்கிறது. அவனுடைய பத்து விரல்களும் இதில் அடங்கியிருக்கின்றன. அந்த வருஷங்களில் அவன் வீட்டுக்குக் கொண்டு வர வேண்டிய கூலியும் அடங்கியிருக்கிறது. ஆகவே, எதைக் கற்றுத் தருவார்கள், எப்படிக் கற்றுத் தருவார்கள் என்று கேட்டுத் தெரிந்து கொண்டு அனுப்புங்கள் என்கிறேன். அப்படிக் கேட்பதற்கு நமக்கு இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு வேலை

தச்சு வேலை என்று ஒரே பெயரில் சொல்கிறோம். கட்டிடத்தில் அது இரண்டு வேலை. ஒன்று, பாரம் தாங்குகிற வேலை. தளம் போடுவதற்கு முன்னால் பலகை விரித்து முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங், ஓட்டுக் கூரைக்கு உத்தரமும் கைமரமும் ஏற்றுவது ஆகியவை இதில் சேரும். மற்றொன்று, இணைக்கிற வேலை. நிலை, கதவு, ஜன்னல், அலமாரி இவற்றையெல்லாம் கட்டைக்குக் கட்டை பொருத்திச் செய்ய வேண்டும். முதல் வேலையில் பிழை வந்தால் ஆள் சாகிறான். இரண்டாவதில் பிழை வந்தால் கதவு மூடாது. செய்தவனுக்கு மறுபடி வேலை வராது.

இன்று கிராமத்திலிருந்து போகிற பையன்களில் அநேகர் சென்ட்ரிங் வேலையில்தான் நுழைகிறார்கள். அதிலேயே நின்று விடுகிறார்கள். அங்கிருந்து நிலைக்கும் கதவுக்கும் போகிற வழி ஏன் அடைபட்டிருக்கிறது? இதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கோடு போடுகிற நேரம்

மேஸ்திரியோடு போகிற பையன் என்ன செய்கிறான்? மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய்ச் சாமான்களை இறக்குகிறான். பலகையில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டுகிறான். வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்துகிறான். டீ வாங்கி வருகிறான். மரத்தின் ஒரு முனையைப் பிடித்துக் கொள்கிறான். மறுமுனையில் பெரியவர் அறுக்கிறார். இதில் இழிவு ஒன்றும் இல்லை. தொழில் கற்ற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்தும், ஒரு வருஷம் கழித்தும் அவன் அதே முனையைத்தான் பிடித்துக் கொண்டிருக்கிறானா? அவனைப் பார்த்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அது.

பத்தாவது முடித்த பிறகு நானும் ஒன்றரை வருஷம் கட்டிடத்தில் கையாளாக இருந்தவன். எங்கள் பெரியவர் மரத்தில் குறி போடப் போகிறார் என்றால், "தம்பி, தண்ணி கொண்டா" என்பார். குடத்தோடு நான் திரும்புவதற்குள் கோடு விழுந்திருக்கும். "இந்தா, இதிலே அறு" என்பார். நன்றாக அறுப்பேன். ஆனால் கோடு ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் கெட்ட மனிதர் அல்ல. தம்முடைய சாப்பாட்டில் எனக்குப் பங்கு கொடுத்தவர். வருஷத்தில் பாதி நாள் வேலை கிடைக்காத மனிதர், தொழிலைச் சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு இவனே போட்டிக்கு வருவான் என்று பயந்தார். அந்தப் பயத்தை அவருக்கு உண்டாக்கியது வேலையில்லாக் கொடுமை.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. அறுக்கத் தெரிந்தவன் கையாள். எங்கே அறுக்க வேண்டும் என்று கோடு போடத் தெரிந்தவன் தச்சன். இருவருக்கும் கூலியில் இருக்கிற வித்தியாசம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. ஆகவே பையன் தொழில் கற்கிறானா என்று அறிய விரும்பினால், அவன் கையில் உளி இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அளவுகோலும் மூலைமட்டமும் பென்சிலும் எப்போது அவன் கைக்கு வருகின்றன என்று பாருங்கள்.

கற்க வேண்டிய வரிசை

முறையாகக் கற்பது எப்படி இருக்கும்? வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் பையனிடம் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, தீட்டுவது. மழுங்கிய உளியால் யாரும் தொழில் கற்க முடியாது. உளியின் வாயை ஏறக்குறைய 25 டிகிரி சரிவில் சாணை பிடித்து, பிறகு கல்லில் எண்ணெய் விட்டு இன்னும் கொஞ்சம் தூக்கி 30 டிகிரியில் தீட்டுவார்கள். உளியின் பின்பக்கம் கண்ணாடி போல் தட்டையாக இருக்க வேண்டும். மழுங்கிய ஆயுதத்தை அமுக்கித் தள்ளுகிறவனுக்குத்தான் கை வழுக்கிக் காயம் படுகிறது. கூரான ஆயுதம் அமுக்காமலே வெட்டும்.

இரண்டாவது, மரத்தை அறிவது. நடு வைரம் எது, ஓரத்து வெளுத்த பாகம் எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். செல் அரிப்பது வெளுத்த பாகத்தைத்தான். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஆனால் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் மாறும். இந்த ஒரு விஷயம் தெரியாதவன் செய்த கதவு வெடிக்கும். தெரிந்தவன் என்ன செய்கிறான்? கதவுச் சட்டத்தில் பள்ளம் எடுத்து, நடுப்பலகையை அதற்குள் செருகி, பசையோ ஆணியோ இல்லாமல் விட்டு விடுகிறான். பலகை தன் இஷ்டப்படி ஊதவும் சுருங்கவும் இடம் இருக்கிறது. ஐப்பசி மழையில் கதவு இறுகிக் கொள்வதும் பங்குனியில் ஆடுவதும் இந்த ஈரத்தால்தான். கோடையில் செய்கிற கதவுக்கு அதற்குத் தக்க இடைவெளி விட வேண்டும்.

மூன்றாவது, குறி போடுவது. ஒரு மரத்தை எடுத்தால் முதலில் ஒரு முகத்தை இழைத்துத் தட்டையாக்கி அதில் அடையாளம் போடுவார்கள். அதற்குப் பிறகு எல்லா அளவும் அந்த ஒரு முகத்திலிருந்துதான். ஒரு தடவை இந்தப் பக்கத்திலிருந்தும் அடுத்த தடவை எதிர்ப் பக்கத்திலிருந்தும் அளந்தால் பிழை இரட்டிக்கும். நிலைக்கால் இரண்டையும் தனித்தனியாக அளக்க மாட்டார்கள். பக்கத்தில் பக்கம் வைத்து, இரண்டின் மேலும் ஒரே கோடாக இழுப்பார்கள். அப்போது ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை என்பதற்கு இடமே இல்லை. ஒரு கட்டையில் துளையும் மற்றொன்றில் நாக்கும் எடுத்து இணைக்கும்போது நாக்கின் கனம் கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. 3 அங்குலக் கட்டைக்கு 1 அங்குல நாக்கு. இதற்கு மேல் போனால் துளையின் சுவர் வெடிக்கும். குறைந்தால் நாக்கு ஒடியும். ரம்பத்தை வைப்பது கோட்டின் மேலல்ல, கழிவுப் பக்கத்தில். ரம்பமும் ஒரு நூல் அளவு மரத்தைத் தின்கிறது அல்லவா?

நான்காவது, மூலை பார்ப்பது. 3 அடி ஒரு பக்கம், 4 அடி மறுபக்கம், குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. பெரிய சட்டமானால் குறுக்காக இரண்டு மூலையும் அளப்பார்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் கோணவில்லை. பிறகு தூக்குக்குண்டு, ரசமட்டம். நிலை நேராக நின்றால்தான் கதவு விட்ட இடத்தில் நிற்கும். தானாகத் திறக்கிற கதவும் தானாக மூடுகிற கதவும் சாய்ந்த நிலையைக் காட்டிக் கொடுக்கின்றன.

கணக்கு தெரியாதவனுக்கு வாய் இல்லை

ஐந்தாவது கணக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது என்று ஓடி வந்த பையன்தான் இந்தத் தொழிலுக்கு அனுப்பப்படுகிறான். ஆனால் கணக்கில்லாமல் தச்சு இல்லை.

ஒரு நிலைக்கு எவ்வளவு மரம் வேண்டும்? கால் இரண்டும் 7 அடி. மேல்கட்டை 3 அடி வாசலுக்கு, இரு பக்கமும் சுவருக்குள் அரையரை அடி நீட்டி 4 அடி. மொத்தம் 18 அடி நீளம். கட்டை 5 அங்குல அகலம், 3 அங்குல கனம். 18ஐ 5ஆலும் 3ஆலும் பெருக்கினால் 270. அதை 144ஆல் வகுத்தால் 1.875 கன அடி. இழைப்பில் போகிற சேதாரம் தனி. இந்தக் கணக்கு தெரிந்த தொழிலாளியை மரக்கடைக்காரர் ஏமாற்ற முடியாது. வீட்டுக்காரர் முன்னால் அவன் தானே பேசி வேலை பிடிக்கலாம்.

இன்னொன்று. ப்ளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி, அதாவது 96 அங்குலத்துக்கு 48 அங்குலம். அதிலிருந்து 23 அங்குலத்துக்கு 18 அங்குலம் அளவில் தட்டுப் பலகை வெட்ட வேண்டும். 18 அங்குலத்தைப் பலகையின் நீளவாக்கில் வைத்து வெட்டினால் ஐந்து வரிசை, வரிசைக்கு இரண்டு, மொத்தம் 10 துண்டு. 23 அங்குலத்தை நீளவாக்கில் வைத்தால் நான்கு வரிசை, வரிசைக்கு இரண்டு, மொத்தம் 8தான். 40 தட்டுக்கு ஒருவனுக்கு 4 பலகை போதும். மற்றவனுக்கு 5 பலகை. வெட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் படம் போட்டுப் பார்க்கிற ஐந்து நிமிஷத்தில் ஒரு பலகை மிச்சம். மெஷினால் இதைச் செய்ய முடியாது. மெஷினை ஓட்டுகிறவன் யோசிக்க வேண்டும்.

"இப்போது எல்லாம் மெஷின் வந்து விட்டது, ஆயத்தக் கதவு வந்து விட்டது, இனிமேல் தச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். இழைப்புளியைத் தள்ளிய கை வலி குறைந்தது உண்மை. அது நல்லதே. ஆனால் ஆயத்தக் கதவையும் கோணல் சுவரில் நிறுத்துகிறவன் மனிதன்தான். மெஷின் அறுக்கிற வேலையை எடுத்துக் கொண்டது. அதனால் அறுக்க மட்டும் தெரிந்தவனுக்குத்தான் முதலில் வேலை போகும். குறி போடத் தெரிந்தவன் மெஷினையும் தன் கைக்கருவி ஆக்கிக் கொள்வான்.

தலைக்கு மேல் மூன்று டன்

சென்ட்ரிங் வேலைக்கு வருகிறேன். 10 அடிக்கு 10 அடி அறை என்று வைத்துக் கொள்ளுங்கள். தளத்தின் கனம் 5 அங்குலம். கம்பியோடு சேர்ந்த கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2,500 கிலோ என்று கணக்கு வைப்பார்கள். அப்படியானால் அந்தச் சின்ன அறைக்கு மேலே ஏறக்குறைய 3 டன் ஈரக் கான்கிரீட். அதன் மேல் நடக்கிற ஆட்கள், மெஷின் அதிர்ச்சி எல்லாம் தனி. இறுகும் வரை இவ்வளவையும் தாங்குவது நம் பையன் நட்ட முட்டுகள்தான். முட்டுக்கு அடியில் மண் இளகியிருந்தால் பலகைத் துண்டு வைக்க வேண்டும். முட்டுக்கும் முட்டுக்கும் குறுக்குக் கட்டு வேண்டும். ஏன் என்று சொல்லிக் கொடுக்காமல், "நான் சொன்ன இடத்தில் நடு" என்று மட்டும் சொன்னால், ஒரு நாள் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அவன் நடாமல் விடுவான்.

முட்டை எப்போது பிரிக்கலாம்? இதற்கு இந்தியத் தர நிர்ணயம் 456 என்ற விதிநூல் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் முறையாகத் தண்ணீர் விட்டு ஆற வைத்த தளமானால், நாலரை மீட்டர் அகலம் வரை குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். உத்தரமானால் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். சாம்பல் கலந்த சிமெண்டானால் இன்னும் கூட நாள் விட வேண்டும். ஆனால் நடப்பது என்ன? பலகை வாடகை ஏறுகிறது, அடுத்த இடத்துக்குச் சாமான் வேண்டும் என்று காண்டிராக்டர் அவசரப்படுத்துகிறார். அடியில் நின்று முட்டைத் தட்டுகிறவன் 18 வயசுப் பையன். இந்த நாள் கணக்கு அவனுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். "இன்னும் நாள் ஆகவில்லை" என்று சொல்ல அவனுக்கு வாயும் வேண்டும். அவன் பின்னால் ஒரு சங்கமும் வேண்டும்.

மரத்தூளைச் சாதாரணமாக நினைக்கிறோம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியது. மூக்கின் உட்புறத்தில் வருகிற நோய் அது. மெஷின் வைத்து மூடிய அறைக்குள் ப்ளைவுட் அறுக்கிற பையனுக்கு முகமூடி இல்லை. தோள் துண்டைச் சுற்றிக் கொள்கிறான். ரம்ப மெஷினுக்கு மூடி உண்டு. வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று அதைக் கழற்றி வைத்திருப்பார்கள். பையனை அனுப்பும் முன் போய்ப் பாருங்கள். மெஷினில் மூடி இருக்கிறதா? இல்லையென்றால் அங்கே அனுப்பாதீர்கள்.

யார் பிள்ளைக்கு எந்தத் தொழில்?

தோழர்களே, அளவுகோல் நம் பிள்ளைகள் கைக்கு வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தச்சு இன்ன சாதியின் தொழில் என்று நம் நாட்டில் வேலி போட்டு வைத்திருந்தார்கள். கணக்கும் நுட்பமும் அந்த வீடுகளுக்குள்ளேயே கைமாறின. வயலில் உழைத்தவன் வீட்டுப் பிள்ளை அந்தப் பட்டறை வாசலில் நிற்க முடியாது. தச்சர் வீட்டுப் பிள்ளைக்கும் அதனால் சுகம் வந்து விடவில்லை. டாக்டராகவோ இஞ்சினியராகவோ போக நினைத்தாலும், "உன் கைக்கு உளிதான்" என்றார்கள்.

1953-இல் ராஜாஜி மந்திரிசபை சென்னை ராஜ்யத்துக் கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டு வந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிப்பது, மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்பது. மக்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். எதிர்ப்பு பலமாக எழுந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகி, காமராஜ் மந்திரிசபை வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழில் கற்பதையா அன்று எதிர்த்தார்கள்? இல்லை. பள்ளியைப் பாதியாக்கி, பிறப்பைக் காட்டித் தொழிலைப் பூட்டுவதைத்தான் எதிர்த்தார்கள்.

அந்த எண்ணம் இன்னும் ஒழியவில்லை. 14 வயசுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொன்னது. அதே சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்தும் வைத்தது. 2023-இல் மத்திய சர்க்கார் தச்சு உள்ளிட்ட 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா என்ற திட்டம் ஆரம்பித்தது. குடும்ப வழிப் பாரம்பரியத் தொழில் என்பது அதன் நிபந்தனை. அந்த நிபந்தனையை ஆட்சேபித்து, இந்தத் திட்டத்தை இப்படியே ஏற்க முடியாது என்று தமிழ்நாடு அரசு 2024-இல் தெரிவித்தது. கடன் வேண்டும், கருவி வேண்டும், பயிற்சி வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. தகப்பன் யார் என்று கேட்காமல் கொடு என்கிறோம்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டிடத்தில் சித்தாளாக நுழைகிற பெண் முப்பது வருஷம் கழித்தும் சித்தாள்தான். கல் சுமந்து, மணல் சலித்து, கலவை தூக்கி, பல தச்சர்களின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். அவளிடம் மூலைமட்டத்தைக் கொடுத்தவர் எத்தனை பேர்? 7 அடி மரத்தில் ஒரு கோடு போடுவதற்குப் பலமா வேண்டும்? கண்ணும் கணக்கும் போதும். இதை நம்முடைய ஆண் தோழர்கள்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

அப்ரண்டிஸ் என்ற பெயர்

சட்டம் என்ன சொல்கிறது? 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. தச்சு அதில் சேர்ந்த தொழில். எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், அது பதிவாக வேண்டும், உதவித் தொகை கொடுக்க வேண்டும், வேலையில் காயம் பட்டால் நஷ்ட ஈடு உண்டு. இதெல்லாம் நல்லது. ஆனால் அதே சட்டம், அப்ரண்டிஸ் என்பவன் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்ல, தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தாது என்றும் சொல்கிறது. 2019-இல் விதியைத் திருத்தியபோது, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள ஸ்தாபனங்களுக்குத்தான் அப்ரண்டிஸ் வைப்பதைக் கட்டாயமாக்கினார்கள். நம் பையன் போகிற இடத்தில் மேஸ்திரியோடு ஐந்தாறு பேர். அவனுக்கு ஒப்பந்தமும் இல்லை, பதிவும் இல்லை. வாய் வார்த்தைதான்.

இந்தப் பெயரை வைத்து என்ன செய்வார்கள் என்று மில் தொழிலாளர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுமங்கலித் திட்டம் என்று சொல்லி, நம் கிராமத்துப் பெண் பிள்ளைகளை மூன்று வருஷத்துக்கு மில் ஹாஸ்டலில் அடைத்து, கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, அப்ரண்டிஸ் என்று பெயர் கொடுத்து, முழு வேலை வாங்கினார்களே! சில வாரத்தில் கற்றுக் கொள்கிற மெஷினுக்கு மூன்று வருஷப் பயிற்சியா என்று அன்று கேட்டோம். அதே கேள்வியைக் கட்டிடத்திலும் கேட்க வேண்டும். பையன் பெரியவன் செய்கிற வேலையைப் பாதிக் கூலிக்குச் செய்தால், நாளைக்குப் பெரியவன் கூலியும் அந்த மட்டத்துக்கு இறங்கும். ஆகவே இது பையனுடைய பிரச்னை மட்டுமல்ல.

இங்கிலாந்தில் 1563-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, தொழில் கற்கிறவன் ஏழு வருஷம் எஜமானனிடம் இருக்க வேண்டும் என்றது. அந்தப் பிரிவு 1814-இல்தான் நீக்கப்பட்டது. ஏழு வருஷம் இருந்தவனெல்லாம் தொழில் கற்றவனா? வருஷத்தை எண்ணுவதால் தொழில் வந்து விடாது. தொழிலாளிகள் தாங்களே ஒன்று சேர்ந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 1860-இல் லண்டனில் தச்சர் சங்கம் உருவாயிற்று. பாரம் தாங்கும் வேலை, இணைக்கும் வேலை இரண்டின் பெயரையும் அந்தச் சங்கம் தன் பெயரில் சேர்த்து வைத்துக் கொண்டது. அதன் செயலாளராயிருந்த தச்சர் ராபர்ட் ஆப்பிள்கார்த், முதலாவது அகிலத்தின் 1869-ஆம் வருஷத்து பாசல் மாநாட்டில் கலந்து கொண்டார். அமெரிக்காவில் பீட்டர் மக்கைர் என்ற தச்சர் 1881-இல் சிகாகோவில் அதே இரட்டைப் பெயரோடு சங்கத்தை அமைத்தார். 1890 மே தினத்தில் எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பை அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் தச்சர்களிடம்தான் கொடுத்தது. பல நகரங்களில் வென்றார்கள். மரத்தை அளந்த கைதான் வேலை நேரத்தையும் அளந்து கேட்டது.

நாம் கேட்க வேண்டியவை

இனி நடைமுறைக்கு வருவோம். பையனையோ பெண்ணையோ தச்சு வேலைக்கு அனுப்பும்போது கேட்க வேண்டியவை இவை:

1. முதல் நாளிலிருந்தே கூலி. கற்றுத் தருவதற்குப் பதில் கூலி இல்லை என்ற பேச்சை ஒப்புக் கொள்ளக் கூடாது. எவ்வளவு, எப்போது உயரும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

2. மாதவாரியாக என்ன கற்றுத் தரப்படும் என்பது அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் தீட்டுவது. ஆறாவது மாதத்துக்குள் குறி போடுவது. ஒரு வருஷத்துக்குள் ஒரு நிலையைத் தானே அளந்து செய்து நிறுத்துவது. சென்ட்ரிங்கிலேயே நிறுத்தி வைக்கக் கூடாது.

3. குறி போடும் நேரத்தில் பையனை வேறு வேலைக்கு விரட்டக் கூடாது. பெரியவர் கழிவுக் கட்டையில் ஒரு கோடு போட்டுக் காட்டினால், பையன் பக்கத்தில் ஒரு கோடு போடட்டும். பத்து நிமிஷம் போதும்.

4. மெஷினுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி, உயரத்தில் பெல்ட். இதற்காகக் கூலியில் பிடித்தம் கூடாது.

5. 18 வயசு நிறைந்ததும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு. தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1994-இல் அமைந்தது. தச்சரும் அதில் சேரலாம். அடையாள அட்டை இல்லாமல் இருப்பவர்களைச் சங்க ஆபீசுக்கு அழைத்து வாருங்கள்.

தொழில் கற்றுத் தரும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையிலிருக்கிற அறிவு எளிதில் வந்ததல்ல என்று எங்களுக்குத் தெரியும். அதை ஒளித்து வைத்தால் உங்களுக்கு வேலை கூடும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அரைகுறையாகத் தெரிந்த ஐம்பது பேர் சந்தையில் நின்றால், காண்டிராக்டர் அவர்களைக் காட்டித்தான் உங்கள் கூலியைக் குறைக்கிறார். முழுத் தொழில் தெரிந்த ஐம்பது பேர் ஒரே சங்கத்தில் நின்றால் அவர் யாரைக் காட்டுவார்? கற்றுக் கொடுப்பதால் உங்கள் கூலி குறையாது. ஒற்றுமை இல்லாததால்தான் குறைகிறது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அனுப்பலாமா? அனுப்பலாம். நல்ல தொழில் அது. வீடு இருக்கிற வரை கதவு இருக்கும். ஆனால் மூடிய மெஷின் இருக்கிற இடத்துக்கு, எழுதிய தாளோடு, பள்ளிக் கணக்குப் புத்தகத்தைத் தூக்கி எறியாமல் அனுப்புங்கள். மாதம் ஒரு தடவை அவனைக் கூப்பிட்டு, ஒரு கட்டையும் பென்சிலும் கொடுத்து, "குறி போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். போடத் தெரியவில்லை என்றால் அவனைத் திட்டாதீர்கள். மறுநாள் காலையில் மேஸ்திரியிடம் சங்கத்துத் தோழர்கள் நான்கு பேரோடு போய்ப் பேசுங்கள்.